ஏழாம் பக்கத்தில் மறுத்தவர்: தத்துவ மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணின் முழுக் கதை

2024 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை இருக்கும். ஹரி ராயா, அதாவது நோன்புப் பெருநாள், முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பாதி அடங்கிக் கிடந்தது. தங்கை பட்டர்வொர்த் வீட்டிலிருந்து போன் செய்தாள். "அக்கா, காத்திருப்புப் பட்டியலில் இருந்து எடுத்துட்டாங்க." அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் பெயர் தெரிந்திருக்கும் ஒரு தத்துவத் துறையில் முனைவர் பட்டப் படிப்பு, ஐந்து ஆண்டுக்கு உதவித்தொகையோடு இடம். அவள் குரலில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. மறுநாள் காலை வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் "சரி, வருகிறேன்" என்று எழுதி அனுப்புவதாக முடிவு செய்து வைத்திருந்தாள். இப்போது கையில் மூன்று நாள்.

அந்த மூன்று நாளையும் அதற்கு முந்தைய மூன்று வருடத்தையும் இங்கே எழுதுகிறேன். பெயர்களும் பல்கலைக்கழகங்களும் வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவள் என்னை அக்கா என்பாள், அதனால் இங்கே அவள் தங்கை. நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், ஒரு காலத்தில் பிரிட்டனில் ஓராண்டு தத்துவ முதுகலை படித்தேன். இந்த விஷயத்தில் கொஞ்சம் தெரிந்தவள் என்று யாரோ சொல்லித்தான் அவள் என்னிடம் வந்தாள்.

முதலில் அவள் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. அவளுடைய பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஒருமுறை வயிற்று வலி என்று தோட்டத்து டிரெஸ்ஸரிடம் (மருத்துவ உதவியாளர்) போயிருக்கிறார். வேலைக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் குடல்வால் வெடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் உயிர் பிழைத்தார். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவளுக்கு ஒரு கேள்வி விடாமல் துரத்தியது: ஒருவர் சொல்வதைக் கேட்டு நாம் ஒன்றை 'அறிந்துகொள்கிறோம்' என்றால், அவர் நம்பத்தகுந்தவரா என்று முதலிலேயே சோதித்துத் தீர வேண்டுமா? அப்படியென்றால் சோதனையில் தேற வழியே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

நம் மரபில் இதற்குப் பெயர் உண்டு. அறிவு வரும் வழிகளை அளவைகள் என்பார்கள், அவற்றைக் காட்சி (நேரே காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (பிறர் சொல்வது) என்று பிரிப்பதில் இது உரை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குவான், 29ஆம் காதையில் பௌத்த அறவணர் இரண்டே இரண்டு போதும் என்பார், அந்த இரண்டில் உரைக்குத் தனி இடம் கிடையாது. நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபில் அதற்குத் தனி இடம் உண்டு. மேற்கில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர்கள் ஹியூமும் தாமஸ் ரீடும் இதே இடத்தில்தான் எதிரெதிர் பக்கம் நின்றார்கள், 2007இல் தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கர் இதை அநீதியின் பிரச்சினையாக்கிப் புத்தகம் எழுதிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் சூடாகிவிட்டது. இவ்வளவும் தங்கை தானாகப் படித்தது. அவள் பட்டம் மொழியியலில். மலேசியாவில் தத்துவத்தை மட்டும் முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலை படிக்க வாய்ப்பு மிகக் குறைவு, பொதுப் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் எடுத்தாக வேண்டிய 'மெய்யியலும் நடப்பு விவகாரங்களும்' என்ற ஒரு பாடம்தான் அவளுக்கு வகுப்பறையில் கிடைத்த தத்துவம்.

முதல் சுற்று

2021 டிசம்பரில் அவள் ஒன்பது இடங்களுக்கு விண்ணப்பித்தாள், எல்லாமே அமெரிக்க முனைவர் பட்டப் படிப்புகள், எல்லாமே தரவரிசையின் மேல் பகுதியில் இருப்பவை. ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பக் கட்டணம் 75இலிருந்து 125 டாலர்வரை, மொத்தம் மூவாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) அருகில் போனது. டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பல இடங்களில் கேட்கலாம், கேட்டால் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அது அவளுக்கு அப்போது தெரியவில்லை. 2022 மார்ச்சுக்குள் ஒன்பதும் இல்லை என்று வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தாள். கே.எல். சென்ட்ரலில் ஒரு கடையில் உட்கார்ந்து அவள் அனுப்பிய கோப்பு முழுவதையும் படித்தேன். மதிப்பெண் நன்றாக இருந்தது. ஏன் இதைப் படிக்க வேண்டும் என்று எழுதும் நோக்க அறிக்கையும் பரவாயில்லை, சின்ன வயதிலிருந்தே எனக்குத் தத்துவம் பிடிக்கும் என்று தொடங்கும் முதல் பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். பிரச்சினை வேறு இரண்டு இடத்தில் இருந்தது.

ஒன்று, மாதிரிக் கட்டுரை. தத்துவத் துறைகள் இதைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்கும், மதிப்பெண் கதவு வரைக்கும் கொண்டு போகும், உள்ளே விடுவது இந்தப் பத்துப் பதினைந்து பக்கம்தான். அவள் அனுப்பியது 22 பக்கம். நியாயம் என்ன சொல்கிறது, பௌத்தம் என்ன சொல்கிறது, மீமாம்சை என்ன சொல்கிறது, ஹியூம் என்ன சொன்னார் என்று வரிசையாகப் போய், கடைசிப் பக்கத்தின் கடைசிப் பத்தியில் 'என் கருத்தில்' என்று மூன்று வரி. தகவல் எல்லாம் சரிதான், உழைப்பும் தெரிந்தது. ஆனால் தேர்வுக் குழுவில் இருப்பவர் தேடுவது, இந்தப் பிள்ளை ஒரு கூற்றை முன்வைத்து, அதற்கு வரக்கூடிய வலுவான எதிர்ப்பைத் தானே கண்டுபிடித்து, அதோடு மல்லுக்கு நிற்கிறதா என்பதை. அது அந்த 22 பக்கத்தில் எங்கும் நடக்கவில்லை. நம் பள்ளிக்கூடங்கள் நமக்குப் பழக்கிவிட்டது இது. பெரியவர்கள் சொன்னதைப் பிழையில்லாமல் திரும்பச் சொன்னால் ஏ கிடைக்கும், கடைசியில் தயங்கித் தயங்கி நம் கருத்தையும் ஒரு ஓரத்தில் வைக்கலாம்.

இரண்டாவது, பரிந்துரைக் கடிதம். மூன்று வேண்டும். அவளுடைய விரிவுரையாளர் ஒருவர், நல்ல மனிதர்தான் என்றாள், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார். அவளும் கூச்சத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறாள்: கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், மரியாதை தெரிந்தவர். இது இங்கே பல இடங்களில் நடப்பதுதான், அவசரத்தில் யாரும் தப்பாகவும் நினைப்பதில்லை. ஆனால் எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. முறையில்லாத காரியம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு ஆசிரியர் மட்டுமே பார்த்திருக்கக்கூடியதை, உதாரணமாக வகுப்பில் இவள் கேட்ட ஒரு கேள்வியால் தன் பாடத்தையே மாற்ற வேண்டி வந்தது என்பதை, மாணவி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ள முடியாது. பெயர் தெரியாத நாட்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதும் கடிதத்தை அந்தக் குழு நம்புவதற்கு இருக்கும் ஒரே பிடிமானம் அப்படிப்பட்ட கண்ணால் கண்ட விவரம்தான். யார் சொல்லை எப்போது நம்பலாம் என்று ஆராயப் போகிறவளின் விண்ணப்பமே அங்கே போய்த்தான் விழுந்தது.

இடைப்பட்ட காலம்

அடுத்த சுற்றில் உடனே குதிக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒரு வருடம் வீணாகிறதே என்று அவள் அம்மா வருத்தப்பட்டார், பிறை தொழிற்பேட்டையில் ஃபேக்டரி வேலை செய்கிறவர், மகள் பட்டம் வாங்கியும் டியூஷன் சென்டரில் இருப்பது அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிட்டது என்றார். அந்த வருத்தம் நியாயமானது, நான் அதை எதிர்த்துப் பேசவில்லை.

தங்கை இணையவழி வாசிப்புக் குழு ஒன்றில் சேர்ந்தாள். வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் நியாய சூத்திரத்தையும் அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய விளக்கத்தையும் வாரம் ஒருமுறை வரி வரியாகப் படித்துக் காட்டுவார், நம் நேரத்துக்கு அது விடிகாலை மூன்று மணி. ஏறத்தாழ ஒரு வருடம் விடாமல் போனாள், இரண்டு முறை கட்டுரை வாசித்தாள். அங்கேதான் அவளுக்குத் தன் கூற்று கிடைத்தது. ஆப்தன், அதாவது நம்பத்தகுந்த சொல்லுக்கு உரியவன் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடி பிறருக்குச் சொல்ல விரும்புகிறவன் என்கிறார். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் (அந்நியனுக்கும்) ஒன்றே என்றும் சேர்த்துச் சொல்கிறார். தங்கை இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் ஆப்தன் என்பது ஒரு பதவியோ தகுதிச் சான்றிதழோ இல்லை, கேட்பவன் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டிய அடையாள அட்டையும் இல்லை. தன் வயிற்று வலியைப் பற்றிப் பேசும் தோட்டத்துப் பெண் அந்த விஷயத்தில் முழு ஆப்தை.

இந்த ஒரே கூற்றுக்கு 14 பக்கம். ஹியூம் ஒரு பக்கம், பௌத்தர் இரண்டு பக்கம், மீதி முழுக்க அவளுடைய வாதமும் அதற்கு எதிர்ப்புகளும். பதினோரு முறை திருத்தி எழுதினாள், எட்டாவது திருத்தத்தில் எனக்கே அலுத்துவிட்டது, அவளுக்கு அலுக்கவில்லை. வாசிப்புக் குழுவை நடத்தியவர் கடிதம் எழுத ஒப்புக்கொண்டார். பழைய விரிவுரையாளரிடமும் போய், இந்த முறை நீங்களே எழுத வேண்டும், என் இறுதியாண்டு ஆய்வில் நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதினால் போதும் என்று தன்மையாகக் கேட்டாள், அவரும் எழுதிக் கொடுத்தார். கேட்கவே பயந்துகொண்டிருந்தது தேவையில்லாத பயம்.

2023 டிசம்பரில் மறுபடியும் விண்ணப்பம், இந்த முறை பத்து இடம், ஆனால் கலவையாக. தத்துவத்தில் பட்டம் இல்லாதவர்களுக்கென்றே அமெரிக்காவில் இரண்டாண்டு முதுகலைப் படிப்புகள் சில இருக்கின்றன, அதோடு முடிந்துவிடும், முனைவர் பட்டத்துக்குத் தனியாகத்தான் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அவற்றில் சிலவற்றில் கல்விக் கட்டணமும் இல்லை, டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) வேலைக்கு உதவித்தொகையும் உண்டு. நம் ஊரில் இப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. மேற்படிப்பு என்றால் கடன் வாங்கிப் பிரிட்டனில் ஓராண்டு, இல்லையென்றால் நேரே அமெரிக்க முனைவர் பட்டம், இந்த இரண்டுதான் கண்ணில் படும். 2024 ஜனவரி 25 தைப்பூசத்துக்கு அம்மா தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுத்தார். கடைசி விண்ணப்பம் அதற்குப் பத்து நாள் முன்னால்தான் போயிருந்தது.

வந்த இடங்கள்

ஆறு இடங்கள் மறுத்துவிட்டன. மூன்று இடங்கள் ஏற்றுக்கொண்டன, ஒன்று காத்திருப்புப் பட்டியலில் வைத்தது.

பிரிட்டனில் ஓராண்டு முதுகலை, பெரிய பெயர், பண உதவி ஒரு காசும் இல்லை. இதை நான் ஐந்து நிமிடத்தில் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டேன். நான் அதே வழியில் போய்ப் பத்து வருடம் கடன் கட்டினவள், என் பேச்சில் அந்தக் கசப்பு இருந்திருக்கும், இருந்தாலும் இன்றும் அதையேதான் சொல்வேன். ஓராண்டுப் படிப்பு என்பது செப்டம்பர் இறுதியில் தொடங்கும், முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க டிசம்பரில் கடைசி நாள், உங்களைப் பற்றிக் கடிதம் எழுதப் போகும் ஆசிரியர் அதற்குள் உங்களை எத்தனை முறை பார்த்திருப்பார்? (பிரிட்டனில் எல்லாமே ஓராண்டு இல்லை, ஆக்ஸ்ஃபர்டின் பி.ஃபில். இரண்டாண்டு. பெயரைப் பார்த்து இளங்கலை என்று இங்கே நேர்முகத் தேர்வில் கேட்பவர்கள் உண்டு, அது 1946இல் கில்பர்ட் ரைல் முயற்சியில் வந்த முதுநிலைப் பட்டம்.)

சிங்கப்பூரில் உதவித்தொகையோடு ஒரு ஆய்வுப் படிப்பு. இது லேசான விஷயம் இல்லை. நல்ல துறை, ஆசியத் தத்துவமும் பகுப்பாய்வுத் தத்துவமும் சேர்ந்து நடக்கும் இடம், பணமும் போதும். அம்மா என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், சிங்கப்பூர்னா ராத்திரி பஸ் ஏறினா காலைல மகள் முகத்தப் பாத்துடுவேன். அமெரிக்கான்னா நான் எங்க போறது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்த இடத்தைக் கடைசியில் விட்டதற்குக் காரணம், அவள் கேள்வியில் வேலை செய்கிறவர் அந்தச் சமயத்தில் அங்கே யாரும் புது மாணவர் எடுப்பதாக இல்லை. மார்ச் 20க்குள் பதில் வேண்டும் என்றிருந்தார்கள், அவகாசம் கேட்டு எழுதினாள், ஏப்ரல் 5வரை கொடுத்தார்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், முரட்டுத்தனமாகக் கேட்காமல் இருந்தால் போதும். ஏப்ரல் 4 அன்று மறுத்து எழுதினாள். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

மூன்றாவது, நான் சொன்ன அமெரிக்க இரண்டாண்டு முதுகலைகளில் ஒன்று. சின்ன ஊர், தரவரிசையில் பெயரே வராது, ஏனென்றால் அங்கே முனைவர் பட்டப் படிப்பே கிடையாது. கட்டணம் இல்லை, டி.ஏ. வேலைக்கு ஒன்பது மாதத்துக்கு 15,000 டாலர். இந்த 'ஒன்பது மாதம்' என்ற சொல்லைக் கடிதத்தில் தேடிப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்தில் ஆண்டுக்கு என்று இருக்கும், கீழே ஓரிடத்தில் ஆகஸ்டிலிருந்து மே வரை என்று இருக்கும், ஜூன் ஜூலையில் என்ன சாப்பிடுவது என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கட்டணத் தள்ளுபடி என்று இருந்தாலும் 'ஃபீஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும், அவளுக்கு அது பருவத்துக்கு 900 டாலர், மருத்துவக் காப்பீடு தனி. மாணவர் விசாவில் வெளியே வேலை செய்ய முடியாது, வளாகத்துக்குள்ளும் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம்தான், அதை டி.ஏ. வேலையே தின்றுவிடும். அதனால் மாதம் மாதமாக ஒரு தாளில் எழுதிக் கணக்குப் போட்டோம். அறை வாடகை பகிர்ந்துகொண்டால் 550, சாப்பாடு, போன், எல்லாம் போகக் கோடை இரண்டு மாதம் துண்டு விழுந்தது. அதை அப்படியே துறைக்கு எழுதிக் கேட்டாள், முதல் கோடைக்கு மட்டும் ஒரு ஆய்வு உதவி வேலை தருவதாக எழுத்தில் கொடுத்தார்கள்.

ஆனால் அவளை அந்த இடத்தின் பக்கம் இழுத்தது இது எதுவும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் அந்தத் துறைப் பேராசிரியர் ஒருவர் வீடியோ அழைப்பில் பேசினார். இருபது நிமிடம் என்று சொல்லித் தொடங்கியது ஒரு மணி இருபது நிமிடம் போனது. மாதிரிக் கட்டுரையை அச்சடித்து, ஓரமெல்லாம் பேனாவால் எழுதி வைத்திருந்தார். ஏழாம் பக்கத்தைத் திறந்து, "நீங்கள் இங்கே 'கேட்பவர் முதலில் சோதிக்க வேண்டியதில்லை' என்பதை நிறுவிவிட்டீர்கள், ஆனால் அடுத்த பத்தியில் 'கேட்பவர் சந்தேகப்படக் கூடாது' என்று எழுதுகிறீர்கள், இந்த இரண்டும் ஒன்று இல்லையே, நடுவில் உள்ள பாலம் எங்கே?" என்று கேட்டார். தங்கை பதில் சொல்லிப் பார்த்தாள், அவர் அதையும் மறுத்தார். போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அவர் சொல்றது சரியா தப்பான்னு தெரியல, ஆனா இதுவரைக்கும் யாரும் என்கிட்ட இப்படிப் பேசினதில்ல" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மூன்று நாள்

இப்போது ஏப்ரல் 12 இரவுக்கு வருகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல ஒரு பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன, உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏப்ரல் 15க்கு முன்னால் மாணவரைப் பதில் சொல்லக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று. மாணவர்களுக்கு அது பாதுகாப்பு. காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அதே நாள்தான் கழுத்தைப் பிடிக்கிறது, ஏனென்றால் மேலே உள்ளவர்கள் கடைசி வாரம்வரை முடிவைத் தள்ளிப் போடுவார்கள், அதனால் கீழே உள்ளவர்களுக்குத் தகவல் வர 12, 13 ஆகிவிடும். ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு, ஞாயிற்றுக்கிழமை வேறு.

நான் அன்றிரவே சொல்லிவிட்டேன், முனைவர் பட்ட இடத்தை எடு என்று. என் காரணங்களை இன்றும் நான் பலவீனமானவை என்று நினைக்கவில்லை. ஐந்து ஆண்டுப் பணம் உறுதி. பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் ஆண்டு முடிவில் முதுகலைப் பட்டத்தோடு வெளியே வரலாம். முதுகலைக்குப் போனால் இரண்டு வருடம் கழித்து மறுபடியும் இதே சூதாட்டம், மறுபடியும் கட்டணம், மறுபடியும் கடிதம். பெயரும் முக்கியம், தத்துவத்தில் வேலை தருகிறவர்கள் படித்த துறையின் பெயரைப் பார்க்கிறார்கள், பார்க்கக் கூடாது என்று நாம் ஆசைப்பட்டாலும்.

தங்கை மறுக்கவில்லை. "சரிக்கா, ஆனா நான் கேட்டுப் பாக்கிறேன்" என்றாள். சனிக்கிழமை காலை அந்தத் துறையில் படித்துக்கொண்டிருக்கும் ஐந்து மாணவர்களுக்கு எழுதினாள். அங்கே சந்தோஷமாக இருக்கிறீர்களா என்பது போன்ற கேள்வியே அதில் இல்லை. போன ஜூலையில் உங்களுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? நீங்கள் கொடுத்த வரைவு கருத்துகளோடு திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது? கடைசியாகப் படிப்பை விட்டுப் போன ஓரிருவர் ஏன் போனார்கள்? வழிகாட்டி வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் மாணவருக்கு என்ன ஆகிறது? இவற்றுக்கெல்லாம் மழுப்பலாகப் பதில் சொல்வது கடினம். மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் எழுதினார்கள், ஒருவர் பேசவே செய்தார், புத்தாண்டுப் பாயசத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் என்று அம்மா பிறகு சொன்னார்.

பணம் சரியாக இருந்தது, கோடையிலும் வருகிறது. வரைவு திரும்பி வர இரண்டு மாதம், சில சமயம் வருவதே இல்லை. தத்துவப் பட்டம் இல்லாமல் வந்தவர்கள் முறைசார் தருக்கத் தேர்விலும் முதலாண்டுக் கருத்தரங்குகளிலும் மிகவும் திணறுகிறார்கள், அதில் ஒருவர் இரண்டாம் ஆண்டில் போய்விட்டார். மூன்று பேரில் இருவர் சொன்னது: பிறர் சொல்லை நம்புவது பற்றி அங்கே எழுதும் ஒரே ஆள், தங்கையின் நோக்க அறிக்கையில் பெயர் வந்தவர், அடுத்த ஆண்டு வேறிடம் போகிறார், அறிவிப்புதான் இன்னும் வரவில்லை. இதைக் காற்றுவாக்கில் கேட்ட செய்தியாக விடாமல், பெயர் சொல்லாமல், துறையின் சேர்க்கைப் பொறுப்பாளரிடமே நேரடியாக எழுதிக் கேட்டாள். திங்கள் அன்று, நம் நேரம் இரவு எட்டரைக்கு, அவர் ஆம் என்று ஒளிக்காமல் எழுதினார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

தரவரிசையைப் பற்றியும் நாங்கள் அன்று மாலை நிறையப் பேசினோம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் பிரையன் லெய்ட்டர் 1989இல் தொடங்கிய அந்தப் பிரபல அறிக்கை, துறையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தத்துவ அறிஞர்களிடம் காட்டி மதிப்பெண் கேட்டுத் தொகுப்பது. அறிந்தவர்கள் அறிந்ததைச் சொல்கிறார்கள், அந்த அளவில் அது உரை அளவைதான், நம்பலாம். ஆனால் அவர்கள் அறிந்தது அந்த ஆசிரியர்களின் எழுத்தின் தரத்தை. உன் வரைவை அவர்கள் படிப்பார்களா என்பதை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை, அவள்தான் எனக்குச் சொன்னாள். அதேபோல், துறைகள் தங்கள் பக்கத்தில் போடும் வேலைவாய்ப்புப் பட்டியலையும் அவள் இன்னொரு விதமாகப் படித்தாள்: வேலை கிடைத்தவர்கள் பெயர் இருக்கிறது, அந்தந்த வருடத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று பழைய மாணவர் பக்கங்களில் தேடி, பட்டியலில் இல்லாதவர்களை எண்ணினாள்.

ஏப்ரல் 15 இரவு ஒன்பது மணிக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினாள். ஒன்று முதுகலைக்கு, வருகிறேன் என்று. மற்றது முனைவர் பட்டத் துறைக்கு, நன்றி சொல்லி மறுத்து. கடைசி நிமிடம்வரை வைத்திருக்கலாமே என்றேன். "இப்போ அங்க காலை ஒன்பது மணி, அக்கா. பட்டியல்ல எனக்கு அடுத்து ஒருத்தர் இருப்பாங்க, அவங்களுக்கு ஒரு முழு நாளாவது கிடைக்கட்டும்." நான் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

பிறகு

விசாவுக்கு முன்னால், உதவித்தொகை போகக் குறையும் தொகைக்கு வங்கியில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும், அதற்கு அம்மாவின் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கல்விப் பணமும் மாமாவின் வைப்புத்தொகையும் கைகொடுத்தன. அமெரிக்க அரசின் மாணவர் பதிவான செவிஸுக்குக் கட்டணம் அப்போது 350 டாலர், விசாக் கட்டணம் 185, அந்தச் சமயத்து நாணய மதிப்பில் இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி. ரிங்கிட் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் 26 ஆண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியிருந்தது. உதவித்தொகை கிடைத்தாலும் முதல் மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை ஆகும் செலவு முழுக்க நம்முடையது, விமான டிக்கெட்டும் வீட்டு முன்பணமும் சேர்த்து. இதை யாரும் ஆஃபர் கடிதத்தில் எழுதுவதில்லை.

முதல் பருவத்தில் தருக்கப் பாடம் அவளைப் படுத்தி எடுத்தது. அங்கே அதற்காகவே கூடுதல் வகுப்பு இருந்தது, தேறிவிட்டாள். முனைவர் பட்டத் துறையில் அதே அடி எப்படி விழுந்திருக்கும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம், உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் முடிவில் இருந்த ஆபத்தும் உண்மையாகவே வந்தது: 2025இல் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைத்துவிட்டன, அவள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டிய சுற்று சரியாக அதில் போய் மாட்டிக்கொண்டது. ஐந்து ஆண்டு உறுதியை விட்டுவிட்டாளே என்று அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் என் வயிறு கலங்கியது. கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்த்துப் பதினொரு இடங்களுக்கு டிசம்பரில் அனுப்பியிருக்கிறாள், இதை நான் எழுதும் 2026 ஜனவரியில் எந்தப் பதிலும் வரவில்லை. அவளிடம் வருத்தமா என்று நேரடியாகவே கேட்டேன். பயமாக இருக்கிறது, வருத்தமில்லை என்றாள்.

ஏழாம் பக்கம் இப்போது அவளுடைய முதுகலை ஆய்வாகிவிட்டது. பேராசிரியர் பாதி சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறாள். சந்தேகப்படுவதற்குக் கேட்பவருக்கு உரிமை உண்டு, ஆனால் சொல்பவரின் சொல்லை முழுதாகக் கேட்டு, அந்தச் சொல்லிலேயே எழும் காரணத்துக்காக மட்டுமே என்பது புதிய வாதம். டிரெஸ்ஸர் பாட்டியைப் பேசவே விடவில்லை என்பதை அவள் பாட்டியிடம் மறுபடி போனில் கேட்டுத் தெரிந்துகொண்டாள், இத்தனை வருடம் அந்தப் பகுதியை யாரும் கேட்டதில்லையாம். நேற்று 31 பக்க வரைவை எனக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடச் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் பக்கத்திலேயே எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது, 'முழுதாகக் கேட்பது' எங்கே முடிகிறது என்று அவள் சொல்லவே இல்லை. இன்றிரவு கூப்பிட வேண்டும், அங்கே காலையாகியிருக்கும்.